ஸ்மூத்தனிங் செய்த முடிக்கு ‘தாராளமாக’ எண்ணெய் என்றால் எத்தனை மில்லி?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் ஸ்மூத்தனிங், ரீபாண்டிங் (கெமிக்கல் கிரீம் போட்டு முடியை நேராக்கும் முறைகள்) செய்துகொண்டவர்களுக்கான குறிப்புகளைப் படித்தோம். “முடி வறண்டுபோகாமல் இருக்க எண்ணெயும் சீரமும் தாராளமாகப் பயன்படுத்துங்கள்” என்று அதில் ஒரு வரி. தாராளம் என்பது ஓர் அளவே அல்ல. குழம்புக்கு உப்பு ‘தேவையான அளவு’ என்று போட்டுவிடலாம். சமைப்பவர் ஒரு சொட்டு எடுத்துச் சுவைத்துப் பார்த்துக்கொள்வார். கெமிக்கல் போட்ட முடியில் அப்படிப் பார்க்க வழியில்லை. அளவு தப்பியது இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் பழியை எண்ணெய்க் கம்பெனி மீதோ தண்ணீர் மீதோ போட்டிருப்பார்கள்.

வாடிக்கையாளர் மட்டும் செய்யும் தவறல்ல இது. பார்லர்களில் வேலை பார்க்கும் பெண்களும் பையன்களும் இதே ‘தாராள’க் கணக்கில்தான் பழகுகிறார்கள். கிரீமை கிராம் கணக்கில் எடை போட்டுக் கலக்கும் கடையில்கூட, கடைசியில் பூசும் சீரம் (முடியை வழவழப்பாக்கும் திரவம்) “ரெண்டு மூணு பம்ப் அடிச்சு விடு” என்ற கணக்கில்தான் போகிறது.

முதலில் அந்த முடிக்கு என்ன நடந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் ஸ்மூத்தனிங், ரீபாண்டிங் என்ற பெயரில் போடுவது பெரும்பாலும் அமோனியம் தையோகிளைகோலேட் கிரீம்; சுருக்கமாக ‘தையோ’. இதன் காரத்தன்மை 9 பி.ஹெச். அளவிலோ சற்று மேலேயோ இருக்கும். முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை இது உடைக்கிறது. அயர்ன் வைத்து நேராக்கிய பிறகு, ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள நியூட்ரலைசர் அந்தப் பிணைப்புகளைப் புதிய வடிவில் திரும்பச் சேர்க்கிறது. எல்லாம் சேர்ந்துவிடுவதில்லை. அதோடு இன்னொன்றும் போய்விடுகிறது. கெமிக்கல் படாத முடியின் மேல்தோலில் கொழுப்பமிலத்தாலான மிக மெல்லிய பூச்சு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் பட்டால் முத்து முத்தாக உருண்டு ஓடுவது அதனால்தான். காரம் அதைக் கரைத்துவிடுகிறது. அதன்பின் முடி தண்ணீரை உறிஞ்சும், ஊதும், காயும்போது சுருங்கும், ஒன்றோடு ஒன்று உரசும். “அக்கா, முடி நார் மாதிரி இருக்கு” என்று சொல்வது இந்த உரசலைத்தான்.

ஆக, எண்ணெயோ சீரமோ செய்யக்கூடிய வேலை இரண்டே: உரசலைக் குறைப்பது, தண்ணீர் உள்ளே புகும் வேகத்தைக் குறைப்பது. உடைந்த கந்தகப் பிணைப்பை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது. முடி நடுவில் உடைகிறது என்று வருபவருக்கு மேலும் எண்ணெய் வைக்கச் சொல்வது, எலும்பு முறிந்தவருக்குத் தைலம் தேய்ப்பது போலத்தான்.

இந்த உரசல் வேலைக்கு எவ்வளவு வேண்டும்? ஒரு கணக்குப் போடலாம். தலையில் சுமார் 1 லட்சம் முடி. நீளம் 40 செ.மீ.; ஒரு முடியின் குறுக்களவு 0.075 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றின் மேற்பரப்பையும் கூட்டினால் 9 சதுர மீட்டருக்குச் சற்று மேல். அதாவது பத்துக்குப் பத்து அறை ஒன்றின் தரை. அந்தத் தரை முழுக்க 1 மி.லி. எண்ணெயைச் சீராகப் பரப்பினால் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வழுக்கிவிட அதுவே போதும். ஆனால் 1 மி.லி.யை அறை மூலையில் ஊற்றிவிட்டுப் போனால் மூலை மட்டும் வழுக்கும், மற்ற இடம் காய்ந்து கிடக்கும். உச்சியில் பிசுபிசுப்பும் நுனியில் வறட்சியும் ஒரே தலையில் இருப்பதன் ரகசியம் இதுதான். குறைபாடு அளவில் இல்லை, பரப்புவதில் இருக்கிறது. அதை அளவு கூட்டிச் சரிசெய்யப் பார்க்கிறோம்.

‘எண்ணெய் நிறைய’ என்ற அறிவுரை எங்கிருந்து வருகிறது? பாதி நம் பாட்டி வீட்டிலிருந்து. மீதி, இணையத்தில் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்கள் போடும் ‘ரிலாக்ஸர்’ வீடியோக்களிலிருந்து. அந்த வீடியோக்களைப் பார்த்து அப்படியே செய்யும் கடைகள் உண்டு என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் போடும் ரிலாக்ஸர் வேறு மருந்து. அது சோடியம் ஹைட்ராக்சைடு, இல்லையென்றால் கால்சியம் ஹைட்ராக்சைடோடு குவானிடின் கார்பனேட் கலந்தது; காரம் 12 பி.ஹெச்.க்கும் மேல். தோலைப் பொசுக்கக்கூடியது என்பதால் முதலில் தலைத்தோலிலும் காதோரத்திலும் நெற்றி ஓரத்திலும் பெட்ரோலியம் ஜெல்லி பூசிக்கொள்வார்கள். மருந்து போடுவதற்கு முன் அன்றைக்குத் தலைக்கு ஷாம்பு போட மாட்டார்கள். தோலில் இருக்கும் இயற்கை எண்ணெய் ஒரு காவல். மருந்தைக் கழுவும்போது போடும் நியூட்ரலைசிங் ஷாம்புகளில் சில, காரம் மிச்சமிருந்தால் நுரையை இளஞ்சிவப்பாகக் காட்டும்; நுரை வெள்ளையாக வரும்வரை அலசுவார்கள். நெருக்கமாகச் சுருண்ட முடி என்பதால் தலைத்தோல் சுரக்கும் எண்ணெய் இயல்பாக நுனிவரை இறங்காது. அவர்களில் பலர் தலைகுளிப்பது வாரத்துக்கு ஒருமுறை, சிலர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அந்த முடிக்கு, அந்த மருந்துக்கு, அந்தப் பழக்கத்துக்கு அவர்கள் எண்ணெய் வைக்கும் முறை பொருந்துகிறது. வியர்வையும் தூசியுமாக இரண்டு நாளுக்கு ஒருமுறை தலைகுளிக்கும் நம் ஊர்ப் பெண்ணின் தையோ முடிக்கு அதே கை அளவு பொருந்தாது. (சந்தடி சாக்கில் ஒன்று: ஹைட்ராக்சைடு போட்ட முடியில் தையோவையோ, தையோ போட்ட முடியில் ஹைட்ராக்சைடையோ போட்டால் முடி கையோடு பிய்ந்து வரும். வெளிநாட்டில் ‘ரிலாக்ஸ்’ செய்துகொண்டு வந்தவரிடம் டப்பாவின் பெயரைக் கேட்காமல் கிரீமைத் திறக்கக் கூடாது.)

நம் கடைகளில் எண்ணெய் செய்யும் முதல் கெடுதி கிரீம் போடுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வாடிக்கையாளர் முந்தின நாள் எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டு வருவார். அவசரத்தில் ஒரே ஒரு ஷாம்பு. உச்சியும் நுனியும் சுத்தமாகிவிடும். பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் எண்ணெய் நிற்கும். தையோ கிரீம் தண்ணீரில் குழைத்த மருந்து. எண்ணெய்ப் படலம் இருக்கும் இடத்தில் அது மெதுவாகத்தான் உள்ளே போகும். இருபது நிமிடம் கழித்துப் பிடரி முடியை இழுத்துப் பார்ப்பார்கள், இன்னும் வளையவில்லை. சரி, இன்னும் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் எண்ணெயில்லாத நுனி வெந்துபோகும். நுனி ரப்பர் போல இழுபடுவதற்குக் கிரீமைக் குறை சொல்வார்கள். காரணம் முந்தின நாள் வைத்த எண்ணெய்.

ஆகவே அன்றைக்கு கண்டிஷனர் இல்லாத ஷாம்பு இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் 8 முதல் 10 மி.லி., தண்ணீரில் கலந்து. நகம் படாமல், விரல் நுனிச் சதையால். நகம் கீறிய தோலில் தையோ எரியும். பிறகு முடியை நான்கு பாகமாகப் பிரித்துக் காயவைத்து, பிடரி முடி ஒரு கொத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வேரிலிருந்து நுனிவரை உருவிப் பார்க்க வேண்டும். சுத்தமான முடியில் விரல் லேசாகத் தடைபட்டு ‘கீச்’சென்று வரும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த பாகத்துக்கு மட்டும் மூன்றாவது ஷாம்பு. இதற்கு ஆகும் நேரம் பத்து நிமிடம்.

இரண்டாவது கெடுதி அயர்ன் செய்யும்போது. கிரீமை அலசிக் காயவைத்ததும், பளபளப்புக்காகச் சிலர் எண்ணெய் கலந்த சீரத்தைத் தடவி அயர்னை வைக்கிறார்கள். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் 175 டிகிரி செல்சியஸ் வாக்கில் புகையத் தொடங்கும். ரீபாண்டிங் அயர்ன் அதற்கு மேலேதான் ஓடுகிறது. ‘சொர்ர்’ என்ற சத்தமும் புகையும் வந்தால், “அது மருந்து ஆவியாகுது மேடம்” என்று சமாதானம் சொல்கிறார்கள். முடியில் மிச்சமிருக்கும் ஈரம் கொதிப்பதும் உண்டு, எண்ணெய் பொரிவதும் உண்டு, இரண்டும் கூடாது. ஈரம் உள்ளுக்குள் கொதித்தால் முடித்தண்டில் குமிழ் விழும். குமிழ் விழுந்த இடத்தில் பிறகு உடையும். இன்னொரு விளைவு கண்ணுக்குத் தெரியாதது: எண்ணெய்ப் படலத்துக்கு மேல் நியூட்ரலைசர் போட்டால் அது சீராக ஊறாது. பிணைப்பு சேராத இடங்களில் அலை திரும்பும், முடி பலவீனமாகவே நிற்கும். இந்தக் கட்டத்தில் எண்ணெயின் அளவு பூஜ்யம். அந்தக் கிரீமோடு வரும் குறிப்புத் தாளில் ஹீட் புரொடெக்ட் (சூட்டிலிருந்து முடியைக் காக்கும் பூச்சு) போடச் சொல்லியிருந்தால் மட்டும், தண்ணீர் போன்ற ஸ்பிரே 1 மி.லி. அளவுக்கு; அதுவும் முழுக்கக் காய்ந்த பிறகே அயர்ன்.

இனி முடித்த பிறகு போடும் சீரம். பம்ப் என்பதும் ஓர் அளவல்ல. ஒரு பாட்டிலின் பம்ப் கால் மில்லி தள்ளும், இன்னொன்று அரை மில்லி தள்ளும். இருமல் மருந்தோடு வரும் அளவு மூடி எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதில் பத்து தடவை அடித்துப் பாருங்கள். 2.5 மி.லி. கோட்டில் நின்றால் ஒரு பம்ப் 0.25 மி.லி.; 5 மி.லி. கோட்டில் நின்றால் 0.5 மி.லி. அந்த எண்ணைப் பாட்டில் மீதே மார்க்கரால் எழுதி வைத்துவிடலாம். பயிற்சியில் நாங்கள் கொடுக்கும் அளவு இது: தோள்வரை உள்ள மெல்லிய முடிக்கு அரை மில்லி, முதுகு நடுவரை உள்ள நடுத்தர முடிக்கு 1 மி.லி.; இடுப்புவரை உள்ள அடர்ந்த முடிக்கு ஒன்றரை, மிஞ்சினால் 2 மி.லி. இதில் முக்கால் பங்கைத் துண்டால் ஒற்றியெடுத்த ஈரமுடியிலும், கால் பங்கைக் காய்ந்த பிறகு நுனியிலும் போட வேண்டும். லீவ்-இன் கிரீமும் (அலசாமல் முடியிலேயே விட்டுவிடுவது) போடுவதாக இருந்தால் சீரத்தில் பாதியைக் குறைக்க வேண்டும். லீவ்-இன், ஹீட் புரொடெக்ட், சீரம், ஷைன் ஸ்பிரே என்று நான்கும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போவதைப் பல கடைகளில் பார்க்கலாம். நான்கிலும் பெரும்பாலும் வழவழப்புத் தரும் அதே சிலிக்கோன்தான், பாட்டில்தான் வேறு.

பூசும் விதத்தில்தான் முக்கால் வித்தை. சீரத்தை உள்ளங்கையில் விட்டு, இரண்டு கையையும் விரலிடுக்கு உட்படத் தேய்க்க வேண்டும். கை முழுக்க ஒரே மாதிரி மினுங்க வேண்டும், எங்கும் சொட்டாக நிற்கக் கூடாது. கை முதலில் படும் இடத்தில்தான் அதிகம் ஒட்டும். பழக்கதோஷத்தில் கை முதலில் போவது உச்சிக்கு, வகிடுக்கு, முன்நெற்றிக்கு. அங்கேதான் தேவையே இல்லை. வாடிக்கையாளரைக் குனியச் சொல்லி, பிடரியின் உள்பக்க முடியில், கடைசி ஐந்து செ.மீ. நுனியில் தொடங்குங்கள். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலேறிக் காது மட்டத்தில் நிறுத்துங்கள். பிறகு பக்கங்கள். கையில் வெறும் வழவழப்பு மட்டும் மிச்சமிருக்கும்போது மேற்பரப்பில் பறக்கும் முடியை ஒரு தடவை வருடிவிட்டால் போதும். வேரிலிருந்து நான்கு விரல்கடைக்குள் சீரம் போகவே கூடாது. பத்து நிமிடம் கழித்து (சீரத்தில் ஆவியாகும் சிலிக்கோன் போகட்டும்) வெள்ளை டிஷ்யூ காகிதத்தை நடுமுடியில் ஐந்து வினாடி அழுத்திப் பாருங்கள். காகிதம் கண்ணாடி போல ஊறினால் அளவு மிஞ்சிவிட்டது. அடுத்த தடவை கால் பங்கு குறையுங்கள்.

மிஞ்சினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சுருளோ அலையோ இருந்தவரை தலைத்தோலின் எண்ணெய் மெதுவாகத்தான் இறங்கும். நேராக்கிய முடியில் வழுக்குமரம் போலச் சரசரவென்று இறங்கிவிடும். முன்பு வைத்த அதே எண்ணெய் இப்போது வழிவது போல் தெரிவது அதனால்தான். வண்டியில் போனால் தூசி ஒட்டுகிறது. நெற்றி ஓரத்தில் பொடிப்பொடியாகப் பருக்கள் வருகின்றன. பொடுகு உள்ளவர்களுக்கு எண்ணெய் மருந்தல்ல, பொடுகுக் காளானுக்கு அது தீனி. போர் தண்ணீர் வேறு. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் கெமிக்கல் போட்ட முடியில் சீக்கிரம் படியும். அதற்கு மேல் சிலிக்கோனும் எண்ணெயும் சேர்ந்தால் முடி மெழுகுத் திரி போலக் கனத்துத் தொங்கும். அதை எடுக்கக் கடுமையான ஷாம்பு, அது வறட்டியதற்கு ஸ்பா, ஸ்பாவுக்கு மேல் இன்னும் சீரம். இந்தச் செக்கில் சுற்றுவது வாடிக்கையாளரின் பணம்.

அதற்காக எண்ணெயே வேண்டாம் என்று சொல்லவில்லை. தேங்காய் எண்ணெய்க்கு ஒரு நேரம் இருக்கிறது. அது தலைகுளிப்பதற்கு முன். அதில் பாதிக்குப் பாதி லாரிக் அமிலம். மூலக்கூறு சிறியது, நேரானது, முடிக்குள் புகும். மும்பையில் தேங்காய் எண்ணெய் விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் செய்து 2003ல் வெளியிட்ட ஆய்வில், தேங்காய் எண்ணெய் தடவிய முடியில் புரத இழப்பு குறைந்தது. சூரியகாந்தி எண்ணெயிலும் மினரல் ஆயிலிலும் அந்தப் பலன் இல்லை. விற்பவர் செய்த ஆய்வுதானே என்று கேட்கலாம். ஆனால் உள்ளே புகும் எண்ணெய், முடி தண்ணீரில் ஊதுவதைக் குறைக்கும் என்ற விளக்கம் நாம் கையில் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. அளவு: தோள்வரை முடிக்கு 5 மி.லி., அதாவது ஒரு டீஸ்பூன்; இடுப்புவரை முடிக்கு இரண்டு டீஸ்பூன். தலைத்தோலில் அல்ல, காதுக்குக் கீழே நுனிவரை. அரைமணி முதல் இரண்டு மணி நேரம். வாரத்துக்கு ஒருமுறை போதும். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கத்தை விட வேண்டியதில்லை. உச்சியில் ஒரு கை எண்ணெய் வைத்துத் தட்டுவதை மட்டும் விட்டால் சரி. எடுக்கும்போது முதலில் நுனியில் கண்டிஷனர் தடவி, பிறகு வேர்ப்பகுதியில் ஷாம்பு போட்டால் ஒரே ஷாம்புவில் போய்விடும். சீயக்காய்ப் பொடி இந்த முடிக்கு வேண்டாம். ஈரத்தில் ஊதி நிற்கும் முடியில் பொடி உரசிச் சிக்கு விழும். விளக்கெண்ணெயைத் தனியாக வைப்பதும் அப்படித்தான். அது பசை. வேண்டுமென்றால் நான்கு பங்கு தேங்காய் எண்ணெய்க்கு ஒரு பங்கு.

பாட்டிலின் பின்பக்கத்தையும் படிக்க வேண்டும். ‘பாதாம்’, ‘மூலிகை’ என்று முன்னால் படம் போட்டிருக்கும். சேர்மானப் பட்டியலின் முதல் பெயர் மினரல் ஆயில், லைட் லிக்விட் பாரஃபின் என்றிருக்கும். அது விஷமல்ல, உரசலைக் குறைக்கும். ஆனால் மேலேயே நிற்கும். அதை ‘ஊறவைத்து’ இரவெல்லாம் தலையணையில் தேய்ப்பதால் ஊறப்போவது தலையணை உறை மட்டும்தான்.

சீரத்தில் கஞ்சத்தனம் கூடாத இடம் ஒன்று உண்டு. முடி மாதம் 1 செ.மீ.க்குச் சற்று மேல் வளரும். நான்கு ஐந்து மாதத்தில் வேர்ப்பக்கம் 5 செ.மீ. பழைய சுருள், அதற்குக் கீழே நேர் முடி. இரண்டும் சந்திக்கும் கோட்டில்தான் சீப்பு மாட்டும், அங்கேதான் உடையும். ‘நாலு மாசத்துல முடி கொட்டிப்போச்சு’ என்று வருபவரின் முடியை எடுத்துப் பாருங்கள்; ஒரு முனையில் வெள்ளை வேர் இருந்தால் கொட்டியது, இல்லையென்றால் அந்தக் கோட்டில் ஒடிந்தது. தலைகுளித்த ஈரத்தில் அந்தக் கோட்டுக்கு மட்டும் விரல் நுனியில் இரண்டு சொட்டு சீரம் தொட்டு, பாகம் பாகமாக வைத்து, அகலப் பல் சீப்பால் கீழிருந்து மேலாகச் சிக்கெடுக்க வேண்டும். புதிதாக வளர்ந்த பகுதியை மட்டும் நேராக்கும் டச்-அப் செய்யும்போது நிலைமை தலைகீழ். புது முடிக்கு மட்டும் கிரீம். ஏற்கெனவே நேராக்கிய பகுதியில் கிரீம் இறங்காமல் இருக்க அங்கே கெட்டியான கண்டிஷனரையோ எண்ணெயையோ வேலியாகப் பூசலாம். இந்த ஓர் இடத்தில் 10 மி.லி. எண்ணெய் போனாலும் குற்றமில்லை. அலசும்போது மட்டும் அது முழுக்கப் போக வேண்டும், நியூட்ரலைசர் வருவதற்குள்.

தங்களிடம் கேட்பது சிறியதுதான். மகளிர் பக்கத்தில் முடிக்குறிப்பு போடும்போது எந்த முடிக்கு, எத்தனை மில்லி, எந்த இடத்தில், குளிப்பதற்கு முன்னா பின்னா என்று நான்கையும் சேர்த்துப் போடுங்கள். பார்லர் வைத்திருப்போர், வாடிக்கையாளரிடம் கொடுக்கும் சீட்டில் ‘தையோ’ அல்லது வேறு எந்த மருந்து, போட்ட தேதி, சீரம் இத்தனை மி.லி. என்று எழுதிக் கொடுக்கட்டும். அடுத்த கடையில் டச்-அப் செய்பவர் முதலில் தேடுவது அதைத்தான். அழகுக்கலைப் பயிற்சி நிலையங்களில் மாணவியர் வாங்கும் உபகரணப் பட்டியலில் டெயில் கோம்ப்புக்கும் கிளிப்புக்கும் பக்கத்தில் 5 மி.லி. சிரிஞ்ச் ஒன்றையும், ஊசி இல்லாமல், சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
சிகையலங்காரப் பயிற்றுநர்கள்,
திருச்சிராப்பள்ளி.